புறத்தே வேலை, அகத்தே வெப்பம்

சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. நான் வளர்ந்தது அங்கேதான். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அப்பா சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்து, கைப்பம்பின் அடிக்கட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு காற்று அடிப்பார். பின்சக்கரத்துக்கு இருபது, இருபத்தைந்து அடி. நான் பக்கத்தில் குந்தி, டயரை அமுக்கிப் பார்த்து "இன்னும் கொஞ்சம்பா" என்பேன். ஒருநாள் அடித்து முடித்ததும் "பம்பைத் தொட்டுப் பாருடா" என்றார். மேலே தொட்டேன், ஒன்றுமில்லை. நடுவில் வெதுவெதுப்பு. அடியில், ரப்பர் குழாய் சேரும் இடத்தில் விரலை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். சுட்டுவிட்டது.

"உரசி உரசி சூடாயிடுச்சு" என்றேன்.

அப்பா சிரித்தார். "உரசின சூடுன்னா, உள்ள வாஷர் போய் வர்ற நடுப்பக்கம்தானே அதிகமா சுடணும்? அடியில ஏன் சுடுது?" அவ்வளவுதான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது, ஒரு கோயில் வாசலில் நிற்பதுபோலக் கைகூப்பத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வாஷர் குழாய் முழுவதும் உரசுகிறது. ஆனால் காற்று அடைபட்டு நெரிபடுவது அடியில். சுட்டது அந்தக் காற்று. பம்புக்குள் இருப்பது கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று. அதன் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை உப்பு அளவு. வெப்பம் வெளியே நழுவ நேரம் தராமல் அதைச் சட்டென்று பாதி இடத்துக்குள் அழுத்தினால், 30 டிகிரியில் இருந்த காற்று ஏறக்குறைய 127 டிகிரிக்குப் போகும். கொதிநீரைவிடச் சூடு! அடுப்பு இல்லை, தணல் இல்லை, வெயில்கூட இல்லை. அப்பாவின் தோள் ஒன்றுதான். பம்பின் இரும்பு அந்தச் சொற்பக் காற்றைவிடப் பல நூறு மடங்கு கனம் என்பதால் ஓர் அடிக்கு ஒன்றும் தெரியாது. இருபது அடி சேரும்போது விரல் சுடுகிறது.

இந்த நிகழ்ச்சிக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்திருக்கும் சொற்கள் மிக அழகானவை. வெளியிலிருந்து காற்றை அழுத்துவதற்கு 'வேலை' என்று பெயர். காற்றுக்குள் சேர்வதற்கு 'அக ஆற்றல்' என்று பெயர். வாழ்க்கையையே அகம், புறம் என்று இரண்டாக வகுத்துப் பார்த்த மொழி நம்முடையது. புறத்தே ஒருவர் செய்யும் வேலையும், புறத்திலிருந்து வந்து சேரும் வெப்பமும் கூடினால் எவ்வளவோ, அவ்வளவே அக ஆற்றலின் ஏற்றம். ஒரு பைசா கூடாது, ஒரு பைசா குறையாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி என்பது இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத காற்று, வாங்கியதை எங்கே வைத்துக்கொள்கிறது? அதைப் புரிந்துகொள்ள நாங்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். எங்கள் சந்தே ஒரு கிரிக்கெட் மைதானம்.

பந்து வேகமாக வருகிறது. மட்டையை அசையாமல் பிடித்தால், பந்து வந்த வேகத்தை மிஞ்சாமல் திரும்பும். மட்டையை முன்னால் வீசி அடித்தால், வந்ததைவிட வேகமாகப் பறக்கும். கைகளைத் தளர்த்தி மட்டையைப் பின்னால் வாங்கிக் கொடுத்தால், பந்து செத்துக் காலடியில் விழும். நல்ல தடுப்பாட்டக்காரர்கள் சுழற்பந்தை அப்படித்தான் மடக்குவார்கள்.

பம்புக்குள் இருக்கும் அந்தக் கால் லிட்டர் காற்றில் ஏழு கோடி கோடி கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் சராசரியாக நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்து சுவர்களில் மோதிக்கொண்டிருக்கிறது. அப்பா தண்டை அழுத்தும்போது வாஷர் ஒரு மட்டையாக முன்னேறி வருகிறது. அதில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் வந்ததைவிடச் சற்று வேகமாகத் திரும்புகிறது. தண்டு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில்தான் இறங்குகிறது. ஆகவே ஒரு மோதலில் கிடைக்கும் கூடுதல் வேகம் இரண்டு மீட்டருக்கு மேல் இராது. ஆனால் ஒரே இறக்கத்துக்குள் எண்ணி மாளாத மோதல்கள். அந்தச் சிறு சிறு கூடுதல்கள் சேர்வதைத்தான் நாம் சூடு என்கிறோம். மனிதக் கையின் ஒரு தள்ளல், கோடி கோடியாகப் பங்கு பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மூலக்கூறின் கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது! நம் வங்கிகள் ஓராயிரம் கணக்கைப் பிழையில்லாமல் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? இங்கே ஏழு கோடி கோடி கோடிக் கணக்குகள், அரை நொடியில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மட்டையைப் பின்வாங்கினால்? அதையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் டயர் கடைகளும் வண்டிச் சாமான் கடைகளும் நிறைந்த இடத்தில் நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை ஒன்று உண்டு. டயரில் காற்றை இறக்கும்போது, வால்வு வாயில் விரலை வைத்தால் சில்லென்று இருக்கும். விரியும் காற்று, தன்னைச் சூழ்ந்த காற்றைத் தள்ளி இடம் பிடிக்கிறது. இப்போது வேலை செய்வது அது. கூலி கொடுப்பார் யாருமில்லை. தன் கைக்காசைப் போட்டுத்தான் செய்ய வேண்டும். மூலக்கூறுகள் வேகம் இழக்கின்றன, காற்று குளிர்கிறது. வாங்கும்போது சூடு, கொடுக்கும்போது குளிர்.

அந்தக் கடையில் ஒருநாள் காலை, கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் இருந்த திருகைக் கடைக்காரர் திறந்தார். சீறிக்கொண்டு கலங்கல் தண்ணீர் வெளியே வந்தது.

"இது எங்கேருந்து வந்தது பாய்? தண்ணி ஊத்துவீங்களா?"

"யாரு சார் ஊத்தப் போறா? காத்துலேருந்து வர்றதுதான். தினமும் தொறந்து விட்டுடணும், இல்லேன்னா டாங்க் துருப் புடிச்சிடும். மழைக்காலத்துல இன்னும் ஜாஸ்தி வரும்."

கடலோரத்துப் புழுக்கக் காற்றில் மறைந்திருக்கும் ஈரம் அது. அழுத்தும்போது சூடேறிய காற்று, தொட்டிக்குள் ஆறும்போது, நெருக்கத்தில் அத்தனை ஈரத்தையும் தாங்க மாட்டாமல் கீழே விடுகிறது. ராயப்பேட்டைத் தெருவோரத்தில் தினமும் காலையில் அரைச் சொம்பு மழை.

இந்தக் கணக்கை மனிதன் படித்தறிந்த கதையும் வியப்பானது. யூலியுஸ் ராபர்ட் மேயர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் 1840-இல் கப்பல் வைத்தியராக ஜாவாத் தீவுக்கு வந்தார். சுரபாயா துறைமுகத்தில் மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த இரத்தம், தம் குளிர்நாட்டில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்ததைக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைவாக எரித்தால் போதும். ஆகவே இரத்தத்தில் உயிர்க்காற்று மிஞ்சுகிறது என்று எண்ணினார். அந்த ஓர் எண்ணம், வேலையும் வெப்பமும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள் என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது. 1842-இல் அதை வெளியிட்டார். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற மாற்று விகிதத்தை அவர் கணக்கிட்டது எதைக் கொண்டு? காற்றைக் கொண்டுதான். விரியவிட்டுச் சூடேற்றினால் கூடுதல் வெப்பம் வேண்டும், அடைத்து வைத்துச் சூடேற்றினால் குறைவு போதும். அந்த வித்தியாசம் முழுவதும் காற்று விரிந்து செய்யும் வேலைக்கான கூலி.

மதுபான ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஜூல், 1845-இல் வெளியான தம் ஆய்வில் இதையே வேறு வழியில் சோதித்திருந்தார். ஒரு செப்புப் பாத்திரத்தில் காற்றை, வெளிக்காற்றைப்போல் 22 மடங்கு அழுத்தத்தில் அடைத்தார். காற்றே இல்லாத இன்னொரு பாத்திரத்தோடு அதை இணைத்தார். இரண்டையும் தண்ணீரில் அமிழ்த்தி, இடையிலுள்ள அடைப்பைத் திறந்தார். காற்று பாய்ந்து விரிந்தது. தண்ணீரின் வெப்பநிலையோ மாறவில்லை. வெறுமைக்குள் விரியும் காற்றுக்குத் தள்ள எவருமில்லை. வேலை இல்லை, ஆகவே செலவும் இல்லை. மட்டையே இல்லாத பக்கம் ஓடிய பந்து வேகம் குறையவில்லை. விரிவதால் மட்டும் காற்று குளிர்வதில்லை, உழைத்தால்தான் குளிரும். எத்தனை நுட்பமான நீதி!

இந்த நீதியின் மேல்தான் நம் ஊரின் பாதி இயக்கம் நிற்கிறது. ராயப்பேட்டையிலிருந்து கடலை நோக்கிப் போனால் ஐஸ் ஹவுஸ். மேயர் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1842-இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது அந்தக் கட்டடம். பிற்பாடு நீராவி இயந்திரத்தின் துணையோடு இங்கேயே ஐஸ் செய்ய வழி பிறந்ததும் அந்த வியாபாரம் ஓய்ந்தது. இன்று வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டைப் பின்பக்கக் கம்பிகள் வழியே சமையலறையில் விட்டுவிடுகிறது, பிறகு அழுத்தம் தளர்ந்த இடத்தில் அது குளிர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பார்த்தவருக்கு எங்கள் அப்பாவின் பம்பு நினைவுக்கு வரும்.

1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது அந்த ஐஸ் ஹவுஸில்தான். அதிலிருந்து மூன்றாம் நாள், பிப்ரவரி 17 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் இயந்திரம் முறையான சோதனையில் வென்றது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அந்த இயந்திரத்தில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. மணிக்கூண்டு நிறுத்தத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் டீசல் பேருந்திலும் கிடையாது. உருளைக்குள் காற்றை ஏறக்குறைய 18-இல் ஒரு பங்கு இடத்துக்கு நெரித்தால், 30 டிகிரிக் காற்று கணக்குப்படி 690 டிகிரியைத் தொடும். இரும்புச் சுவர் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும், தெளித்த டீசல் தானே பற்றிக்கொள்ள அது தாராளம். ஐம்பூதங்களில் காற்றைக் காளத்தியிலும் நெருப்பை அண்ணாமலையிலும் வைத்து வணங்குகிறோம். காற்றை நெருக்கினால் உள்ளிருந்து நெருப்பு எழும் என்பதை, பாரிமுனைக்குப் போகும் பேருந்து நொடிக்கொரு முறைக்கு மேல் சொல்லிக்கொண்டே போகிறது.

இத்தனையும் மனிதன் செய்தவை. படைத்தவன் செய்ததைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்றும் பெயர் வைத்தார்கள். கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள். கோடை என்றால் வெயில் காலம் என்றும் பொருள். பெயரிலேயே ஓர் அறிவியல் பாடம் அடங்கியிருக்கிறது.

ஆனி மாதத்தில் மேற்குக் காற்று நம்மை நோக்கி வரும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே தன் மழையை இறக்கிவிட்டு வறண்டு போயிருக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அடிவாரத்தில் அதிகம். ஆகவே கீழே இறங்க இறங்க, மேலிருக்கும் வான்கடல் முழுவதும் அதை நெரிக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் வறண்ட காற்று ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். மலை உச்சியில் இதமாக இருந்த காற்று சமவெளிக்கு அனலாக வந்து சேர்வதற்கு வெயிலோடு இந்த நெரிசலும் காரணம். மேற்குக் காற்று ஓங்கியிருக்கும் நாளில் கடற்காற்றும் நேரத்துக்கு உள்ளே வராது. 2003 மே 31 அன்று, நமக்குப் பக்கத்திலுள்ள நுங்கம்பாக்கத்தில் வெப்பமானி 45 டிகிரியைக் காட்டியது. எங்கள் சந்தில் அன்று மதியம் நாய்கூட நடமாடவில்லை. பூமியளவு பெரிய பம்பு ஒன்றின் அடிப்பாகத்தில் நாம் விரலை வைத்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி பிறந்ததும் கணக்கு திரும்புகிறது. கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் கொண்டல் கரையில் மேலெழுகிறது. உயர உயரச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிய வேண்டுமானால் அக்கம்பக்கத்துக் காற்றைத் தள்ள வேண்டும், அந்த உழைப்புக்குத் தன் அக ஆற்றலையே செலவழிக்கிறது, குளிர்கிறது. ஓர் உயரத்தில் ஈரம் துளியாகிறது. மெரினா மணலில் உட்கார்ந்து கடல்மேல் நிற்கும் பஞ்சுப் பொதி மேகங்களைப் பாருங்கள். மேற்புறம் கோபுரம் கோபுரமாக எழும்பியிருக்கும். அடிப்புறமோ, கண்ணாடிப் பலகைமேல் வைத்தாற்போல, எல்லா மேகங்களுக்கும் ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கும். எந்த உயரத்தில் காற்றின் கையிருப்பு பனிக்கும் அளவுக்கு இறங்கியதோ அந்த உயரத்தில் வானம் போட்ட அடிக்கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே, நீராவி துளியாகும்போது தான் பதுக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அதை வாங்கிக்கொண்டு காற்று இன்னும் உயர எழும்புகிறது, மேகம் வளர்கிறது. சென்னையின் ஏரிகளை நிரப்பும் வடகிழக்குப் பருவமழை இப்படித்தான் பிறக்கிறது. விரியும் காற்று குளிராது என்று இறைவன் விதித்திருந்தால், மேலெழும் ஈரக்காற்று வெறும் ஈரக்காற்றாகவே போயிருக்கும். மேகமில்லை, மழையில்லை, செம்பரம்பாக்கம் இல்லை, நாமும் இல்லை.

காதில் விழும் ஓசைக்குள்ளும் இதே விதி ஒளிந்திருக்கிறது. ஓசை என்பது காற்று நெருங்குவதும் விலகுவதும் அலையாக ஓடுவது. 1687-இல் நியூட்டன் அதன் வேகத்தைக் கணக்கிட்டபோது, உண்மையான வேகத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அந்த மாமேதைக்கே காரணம் பிடிபடவில்லை. 1816-இல் லாப்லாஸ் சொன்னார்: நெருங்கும் காற்று கணநேரம் சூடேறுகிறது, அதனால் இன்னும் விறைப்பாக எதிர்க்கிறது, அலை விரைகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஓசை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. அந்தச் சூடு இல்லையென்றால் 295 தான். விடியலில் எங்கள் சந்துக்கு வரும் பாங்கோசையும், தேவாலய மணியும், கோயில் மணியும் ஒரே வேகத்தில்தான் வந்து சேர்கின்றன. மூன்றையும் சுமந்து வருவது இந்த ஒரே இளஞ்சூடு.

விண்மீன்களுக்கும் இதுவே பிறப்பு. விண்வெளியில் பரந்து கிடந்த குளிர்ந்த வாயுக் கூட்டம், தன் ஈர்ப்பினாலேயே தன்னை நெரித்துக்கொள்கிறது. நெரிக்க நெரிக்கச் சூடேறுகிறது. மையம் ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போனதும் ஹைட்ரஜன் இணைந்து எரியத் தொடங்குகிறது. நம் சூரியன் பற்றியது அப்படித்தான். இன்று அதன் மையம் ஒன்றரைக் கோடி டிகிரி. தீக்குச்சி கிழிக்க ஒருவருமில்லாத இருளில், நெருக்கம் ஒன்றினாலேயே ஏற்றப்பட்ட விளக்கு.

அந்த நெருக்கத்தின் எல்லையைக் கணக்கிட்டவர் நம் பகுதியில் வளர்ந்த பிள்ளை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் விண்மீனைக் குளிர்ந்த பின்னும் தாங்கி நிறுத்துவது எது என்ற கேள்வியைப் பயணம் நெடுகிலும் போட்டுப் பார்த்தார். வேறிடமின்றி அடைபட்ட எலெக்ட்ரான்கள், சூடு இல்லாமலே, நெருக்கத்தினாலேயே எதிர்த்து நிற்கும். ஆனால் அந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு நிறைக்கு மேல் போனால் அது தாங்காது. சந்திரசேகர் எல்லை என்று உலகம் அதை அழைக்கிறது. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

சந்துக்கும் விண்மீனுக்கும் ஒரே சட்டம் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. படைப்பில் பெரியவருக்கு ஒரு கணக்கு, சிறியவருக்கு ஒரு கணக்கு என்பது கிடையாது. உழைப்பு வீண்போகாது என்று பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வார்கள். காற்றைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை. தோளிலிருந்து இறங்கிய ஒவ்வொரு தள்ளலும் அகத்தே போய்ச் சேர்ந்தது. அகத்திலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து காலைக் காற்றுக்கும் கைமாறியது. எங்கேயும் தொலையவில்லை.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பம்பு என்னிடம் இருக்கிறது. தோல் வாஷரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்; போன மாதம் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பேத்தியின் சின்னச் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பதினைந்தாவது அடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவளாகவே பம்பின் அடியைத் தொட்டாள், கையை உதறினாள். "ஏன் தாத்தா சுடுது?"

அப்பாவைப் போல நானும் உடனே விடை சொல்லவில்லை. முன்சக்கரத்தின் வால்வை லேசாக அழுத்தி, சீறி வந்த காற்றில் அதே விரலைப் பிடித்துக் காட்டினேன்.

"இது ஏன் ஜில்லுன்னு இருக்கு?" என்றேன்.